மேடா, பள்ளமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கொல்லையில் மேட்டுப்பாத்தி இல்லாமல் ஒரு கத்தரிச்செடியைக்கூடக் காப்பாற்ற முடியாது. தஞ்சாவூரில் பஸ் மாறிக் கந்தர்வகோட்டைப் பக்கம் போனால், என் அண்ணன் வீட்டுத் தோட்டத்தில் அதே மேட்டுப்பாத்தி சித்திரை வெயிலில் செடியைக் காயவைத்துக் கொன்றுவிடும். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு காலைப் பொழுதுப் பயணம்தான். பெரிய மழை இரண்டு ஊரிலும் ஒரே பருவத்தில்தான் வருகிறது. மண்தான் வேறு. அதைப் பார்க்காமலே, காய்கறி போட ஆசைப்படுகிற எல்லாரையும் பலகைப் பெட்டி வாங்கி மண் நிரப்பச் சொல்கிறார்கள். ஆசையோடு ஆரம்பித்தவர்கள் ஒரே கோடையில் அலுத்துப்போய் விட்டுவிடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

நான் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்குப் பின்னால் ஆறு சென்ட் கொல்லை. கத்தரி, மிளகாய், வெண்டை, கீரை, பந்தலில் புடலையும் பாகலும், கடைசியில் வாழை. எங்கள் வீட்டுக்குக் காய் இதிலிருந்துதான்.

எங்கள் மண் அசல் காவிரி வண்டல். ஈரமாக ஒரு பிடி எடுத்து உருட்டினால் திரியாக நீளும். அந்தத் திரியை வளைத்து வட்டமாக்கினாலும் விரிசல் விடாது. களி அதிகம் என்பதற்கு அதுதான் அடையாளம். களித்துகள் மிக நுண்ணியது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே உள்ள சந்தும் அதற்கேற்பச் சிறியது. அதனால் தண்ணீர் உள்ளே இறங்குவதும் மெதுவாக, வெளியே வடிவதும் மெதுவாக. நெல்லுக்கு இதைவிட நல்ல மண் கேட்க முடியாது. தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டுகிறது. டெல்டாவில் இன்னும் அதிகம். அந்த மூன்று மாதமும் இந்தக் களிமண் தண்ணீரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வேருக்கும் மூச்சு உண்டு. மண் சந்துகளில் உள்ள காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. அந்தச் சந்துகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்சிஜன் வந்து சேரும் வேகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நெல்லின் தண்டுக்குள்ளேயே காற்று இறங்கும் குழல்கள் இருப்பதால் அது சேற்றில் நின்றும் சுவாசிக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் தக்காளிக்கும் அந்த வசதி கிடையாது.

இதில் பலரை ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. தண்ணீர் தேங்கினால் செடி வாடும். காய்ந்த செடி எப்படித் தலை தொங்குமோ அப்படியேதான் தொங்கும். மூச்சில்லாத வேரால் தண்ணீரை உறிஞ்ச முடிவதில்லை; காலடியில் அத்தனை நீர் இருந்தும் இலை சோர்ந்துபோகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னொரு குடம் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படித் தொங்குகிற மிளகாய்ச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய சல்லிவேர் பழுப்பேறியிருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கையோடு வந்துவிடும், உள்ளே இருக்கும் மெல்லிய நரம்பு மட்டும் மிஞ்சும். முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கும். பித்தியம் என்கிற, பூஞ்சை போன்ற நுண்ணுயிரி இப்படிப்பட்ட ஈரத்துக்காகவே காத்திருக்கும். நாற்றங்காலில் இளநாற்றைத் தரையோடு சாய்க்கிற நாற்றழுகலும் அதன் வேலைதான்.

அதனால்தான் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுக்கு வேளாண்மைத் துறையினர் எந்த ஊராக இருந்தாலும் மேட்டு நாற்றங்கால் போடச் சொல்கிறார்கள். ஒரு மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் உயரம் போதும். விதையை ட்ரைக்கோடெர்மா விரிடி தூளில் கிலோவுக்கு 4 கிராம் வீதம் புரட்டிவிட்டு விதைத்தால் நாற்றழுகல் மட்டுப்படும். வீட்டுக்கு வாங்கும் விதைக்கு ஒரு சிட்டிகை. நாற்றங்காலைப் பொறுத்தவரை மேடா பள்ளமா என்ற கேள்விக்கே இடமில்லை, மேடுதான்.

மேட்டுப்பாத்தியை ஏதோ நேற்று வெளிநாட்டிலிருந்து வந்த சங்கதியாக நினைக்கிறவர்களை எங்கள் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஒருமுறை கூட்டிப்போக வேண்டும். நீளமாக மேட்டுப்பாத்திகள், இரண்டு பாத்திக்கு நடுவே ஆழமான வாய்க்கால். பாத்தி இரண்டு மீட்டர் அகலம், வாய்க்கால் அரை மீட்டர் அகலமும் அரை மீட்டர் ஆழமும் என்பது இன்றைக்கும் பரிந்துரைக்கப்படும் அளவு. பாத்தியின் மேல் வரிசையாக அகத்தி நிற்கும், அதைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக்கொடி ஏறும். வெற்றிலை விசித்திரமான பயிர்: எப்போதும் ஈரம் வேண்டும், ஆனால் ஒரு நாள்கூடத் தண்ணீர் நிற்கக் கூடாது. மேடும் வாய்க்காலும் சேர்ந்தால்தான் அந்த இரண்டையும் ஒரே இடத்தில் கொடுக்க முடியும். காவிரிக் களியில் மழைக்காலத்தை எப்படிச் சமாளிப்பது என்று கொடிக்கால்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்ததைத்தான் நான் என் கத்தரிக்கு எடுத்துக்கொண்டேன்.

சொல்லிக்கொடுத்தவர் கொடிக்கால் வேலைக்குப் போய்வந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர். மேட்டுப்பாத்திக்கு மண் எங்கே வாங்கலாம் என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை, பொறுமையாகச் சொன்னார்.

"மண்ண எதுக்கு டீச்சரம்மா காசு குடுத்து வாங்குறீங்க? நடக்குற எடத்துல கெடக்குற மண்ணு சும்மாதான கெடக்கு. அத வெட்டி ரெண்டு பக்கமும் போடுங்க. மேடும் வந்துரும், வடிகாலும் வந்துரும்."

இந்த ஒரு பதிலில் மேட்டுப்பாத்தியின் சூத்திரம் முழுவதும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பாத்தி மூன்றடி அகலம், நடைபாதை ஒன்றரை அடி. பாதையில் அரை அடி ஆழம் வெட்டி அந்த மண்ணைப் பாத்தியில் பரப்பினால் பாத்தி மூன்று அங்குலம் ஏறும், பாதை ஆறு அங்குலம் இறங்கும். பாத்தியின் தலைக்கும் பாதைக்கும் ஒன்பது அங்குல வித்தியாசம். மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கித் தொழுவுரம் கலந்தால் இன்னும் இரண்டு அங்குலம் கூடும். களிமண்ணில் கத்தரி நிம்மதியாக நிற்க இது போதும். செங்கல் வேண்டாம், பலகை வேண்டாம், லாரி வேண்டாம்.

வேண்டியது வாட்டம். பாதைகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் கடைசியில் எங்காவது போய்ச்சேர வேண்டும். எங்கள் கொல்லையில் வாழைக்கும் சேப்பங்கிழங்குக்கும் போகிறது. இரண்டுமே ஈரம் தாங்கும். போக்கிடம் இல்லாத மேட்டுப்பாத்தி அகழிக்கு நடுவில் நிற்கும், அவ்வளவுதான். இரண்டு நாள் அடைமழையில் அகழி நிரம்பினால் மேட்டின் அடிப்பாகம் ஊறிவிடும்.

இன்னொன்று, பாத்தியை மிதிக்கவே கூடாது. மூன்றடி அகலம் ஏன் என்றால், இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒன்றரை அடி எட்டினால் நடு வந்துவிடும். ஈரக் களியில் ஒருமுறை கால் வைத்தாலே உள்ளே இருக்கும் காற்றுச் சந்துகள் நசுங்கிவிடும், காய்ந்ததும் அந்த இடம் ஓடாக இறுகிவிடும். மேட்டுப்பாத்தியில் விளைச்சல் கூடுகிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூடுதலில் பெரும்பங்கு மிதிபடாத மண்ணுக்கும் அதில் போட்ட எருவுக்கும் சேர வேண்டியது. சமதளத்திலேயே பாதை பிரித்து, மிதிக்காமல், எரு போட்டால் அதில் நிறையக் கிடைக்கும். உயரத்துக்கு மட்டும் தனியாகச் சத்து எதுவும் கிடையாது.

ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கு இதே வழியைத்தான் எடுத்தது. கரிசலும் களிதான், மழையில் கால் வைக்க விடாது, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகல மேடு, அரை மீட்டர் சால் என்று நிலம் முழுக்க அமைத்து, மாட்டை வைத்தே வேலை செய்யும் கருவியையும் உருவாக்கினார்கள். அதிகப்படி நீர் சாலில் வடிந்து பண்ணைக் குட்டைக்குப் போகும், மேடு காற்றோட்டமாக இருக்கும். அந்தமானில் இன்னும் அகலமான மேடு போட்டு, மேட்டில் காய்கறியும் பள்ளத்தில் நெல்லும் மீனும் வளர்க்கிறார்கள். அங்கே கொட்டும் மழைக்கு அதுதான் பொருந்தும். மெக்சிகோவின் சோச்சிமில்கோவில் ஏரிச் சேற்றை வாரி மேடாக்கி, சுற்றிலும் கால்வாய் விட்டுப் பயிர் செய்யும் சினாம்பா முறை ஐரோப்பியர்கள் அங்கே கால் வைப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. பெரு நாட்டில் 3,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் டிட்டிகாகா ஏரிக்கரையில் இதற்கு வாரு வாரு என்று பெயர். அங்கே கால்வாய் நீர் பகல் வெயிலின் சூட்டைப் பிடித்துவைத்து, இரவில் மெல்ல விட்டு, பயிரை உறைபனியிலிருந்து காக்கிறது. நூற்றாண்டுகளாகக் கைவிடப்பட்டுக் கிடந்த அந்த மேடுகளை 1980-களில் தொல்லியலாளர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மறுபடி கட்டிப் பயிர் வைத்தார்கள். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: அங்கே தண்ணீர் மிஞ்சிக் கிடந்தது.

தண்ணீர் மிஞ்சாத இடத்துக்கு வருவோம்.

கந்தர்வகோட்டை வட்டாரம் செம்மண், பல இடங்களில் செம்புறை. சுற்றிலும் முந்திரிக்காடு. எங்கள் ஊரில் செய்ததுபோல உருட்டினால் அந்த மண் திரியாகாது, விரலுக்குள்ளேயே உதிரும். பெய்த மழை இறங்கிய சுவடு தெரியாமல் இறங்கிவிடும். அண்ணன் ஆழ்துளைக் கிணற்றை நம்பித் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே பாத்தி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

அதை நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நாலடிக்கு நாலடி சதுரம், ஒரு சாண் ஆழம். வெட்டிய மண்ணை நாலு பக்கமும் வரப்பாகக் கட்டி, கையால் தட்டி இறுக்கியிருந்தார்கள். உள்ளே தொழுவுரம் கலந்த மண், அதன்மேல் முந்திரிச் சருகு மூடாக்கு. அண்ணி ஒரு குடம் தண்ணீரை ஒரே மூலையில் சாய்த்தார். அது சருகுக்கு அடியில் நழுவிப் பரவி நாலு மூலையையும் தொட்டுவிட்டது, வரப்பைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே போகவில்லை. சாயங்காலம் சருகை விலக்கி விரலை விட்டேன். இரண்டாம் கணு வரைக்கும் குளிர்ச்சி. வரப்பின் நிழல் காலையிலும் மாலையிலும் நாற்றின் மேல் விழுந்தது. காற்று வரப்புக்கு மேலே ஓடியது.

"ஒங்க ஊருல தண்ணிய வெரட்டணும். இங்க வந்த தண்ணிய ஒக்கார வச்சு அனுப்பணும்"னார் அண்ணி.

மேட்டுப்பாத்தியின் பெரிய குறை அண்ணி சொன்னதற்குள் இருக்கிறது. பெட்டி வடிவத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பத்தடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரம். மேற்பரப்பு 40 சதுர அடி. நாலு பக்கச் சுவரையும் சேர்த்தால் இன்னும் 28 சதுர அடி. பக்கவாட்டிலும் மண் திறந்தோ, ஈரம் கடத்தும் செங்கலாலோ மரத்தாலோ மூடியோ இருந்தால், 40 அடிக்குப் பதிலாக 68 அடி வெயிலிலும் காற்றிலும் நிற்கிறது. சமதளப் பாத்தியை மேலே மட்டும்தான் வெயில் தொடும். மேட்டுப்பாத்தியை ஐந்து பக்கமும் தொடும். போதாக்குறைக்கு, வடிகால் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அதைக் கட்டினோம். ஐப்பசியில் வரமாக இருந்தது அக்னி நட்சத்திரத்தில் சாபமாகிறது. செம்மண் காட்டில் ஓரடி உயரப் பெட்டி வைத்துவிட்டுக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் வெண்டை தப்பலாம், கீரை தப்பாது.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் வறண்ட நிலத்தில் வாழும் சூனி மக்கள் காய்கறிக்கு அண்ணன் வீட்டுப் பள்ளப்பாத்தி மாதிரியே செய்துவந்தார்கள். சின்னச் சின்னச் சதுரக் குழி, சுற்றிலும் தாழ்ந்த மண்வரப்பு, உள்ளே குடத்தால் தண்ணீர். அண்ணன் தோட்டத்தைப் படம் எடுத்து அவர்களிடம் காட்டினால் தங்கள் ஊர் என்றே சொல்வார்கள்.

அப்படியானால் டெல்டாவில் கோடைக்கு என்ன வழி? மேட்டைக் கலைக்க வேண்டியதில்லை, தண்ணீர் போகும் வழியை மாற்றினால் போதும். மழைக்காலத்தில் வடிகாலாக இருந்த பாதையின் வாயைத் தைமாதம் மண்ணால் அடைத்துவிடுவேன். வாரம் ஒருமுறையோ இருமுறையோ அதில் தண்ணீர் கட்டினால் களிமண் பக்கவாட்டில் உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். கோடை நாற்றை மேட்டின் தலையில் நடாமல் தோளில், சரிவின் பாதி உயரத்தில் நடுவேன். மேலே வைக்கோலோ கரும்புச் சோகையோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு. செம்மண்ணில் இந்த வித்தை பலிக்காது. பக்கவாட்டில் உறிஞ்சுமுன் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

தோளில் நடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடலோரம், நாகப்பட்டினம் பக்கம் கிணற்று நீரில் உப்பு இருக்கும். சாலில் பாய்ந்த நீர் மேட்டின் தலைக்கு ஏறி அங்கே ஆவியாகும்போது உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போகும். மேட்டின் உச்சியில் வெள்ளையாகப் பொரிந்து தெரிவது அதுதான். அங்கே நட்ட நாற்று கருகும், சரிவில் நட்டது பிழைக்கும்.

இனி பெட்டி விஷயம். இப்போது நகரத்தில் மேட்டுப்பாத்தி என்றாலே பெட்டியைத்தான் நினைக்கிறார்கள். மேலே சொன்ன பத்துக்கு நாலு பெட்டியை ஓரடி நிரப்ப 40 கன அடி மண் வேண்டும். மண், மணல் வியாபாரத்தில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு யூனிட் இறக்கினால் இரண்டரைப் பெட்டிதான் நிறையும். அதில் எருவும் நார்க்கழிவும் கலந்திருந்தால், அவை மக்க மக்க மட்டம் இறங்கிக்கொண்டே வரும், ஆண்டுதோறும் மேலே போட வேண்டியிருக்கும். இந்தச் செலவை முதலிலேயே யாரும் சொல்வதில்லை.

விலைக்கு வரும் மண்ணோடு விலையில்லாமலும் சில வரும். கோரைக்கிழங்கு ஒன்று போதும், ஒரு மழையில் பெட்டி முழுக்கப் பச்சைப் பசேல் என்று முளைத்துவிடும். அதைவிட மோசம் வேர்முடிச்சு நூற்புழு. கண்ணுக்குத் தெரியாது. தக்காளியோ வெண்டையோ வளராமல் குன்றி நிற்கிறதே என்று பிடுங்கினால் வேர் முழுக்க முண்டும் முடிச்சுமாக இருக்கும். நிலையான பாத்தியில் தக்காளி, கத்தரி, வெண்டை, பாகல் என்று அதற்குப் பிடித்ததையே திரும்பத் திரும்பப் போட்டால் அது பெருகிக்கொண்டே போகும். நடுவில் ஒரு பட்டம் துலுக்கச் சாமந்தியை நெருக்கமாக நட்டுவிடுங்கள். அதன் வேர் நூற்புழுவைக் குறைக்கும். அடுத்த நடவுக்கு முன் வேப்பம்புண்ணாக்கும் கலந்தால் நல்லது.

பக்கச்சுவருக்கு எதைப் போடுவது என்பதில் நான் ரொம்பக் கண்டிப்பு. பழைய ரயில் கட்டைகள் மலிவாகக் கிடைக்கலாம். அவற்றில் ஊறியிருக்கும் கிரியோசோட் எண்ணெய் சாப்பிடும் பொருள் விளைகிற மண்ணுக்கு ஆகாது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஓடு கூடவே கூடாது. கறையான் அரிக்காமல் இருக்கச் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய மரப்பலகையை அமெரிக்காவிலேயே 2003 கடைசியோடு வீட்டு உபயோகத்துக்குத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். சாதாரணப் பலகையைக் கறையான் விடாது. பட்டுப்போன தென்னைமரத்தைப் பிளந்து வைப்பது எங்கள் பக்கம் வழக்கம். சில ஆண்டில் உளுத்து மண்ணோடு மண்ணாகும், அதனால் கெடுதல் இல்லை. காசு இருந்தால் செங்கல் அல்லது ஹாலோ பிளாக். எதுவானாலும் சந்து விட்டுக் கட்டினால் பெருச்சாளி குடியேறும்.

அடியில் ஜல்லி பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. நுண்ணிய சந்துள்ள மண்ணிலிருந்து பெரிய சந்துள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து கனத்தால்தான் சொட்டும். ஜல்லிக்கு மேலே ஒரு ஈர அடுக்கு நிரந்தரமாக நிற்கும், வேர் அங்கேதான் அழுகும். ஜல்லிக்குக் கொடுக்கும் கூலியை, பெட்டி வைக்கும் முன் அடித்தரையைக் கடப்பாரையால் நெகிழ்த்திவிடக் கொடுங்கள். வேர் ஓரடிப் பெட்டியோடு நிற்காது. தக்காளியும் கத்தரியும் இடம் கிடைத்தால் இரண்டடிக்கு மேலும் இறங்கும்.

மொட்டை மாடிக்காரர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது எடையைப் பற்றி. ஈர மண் கன அடிக்கு 45 கிலோவுக்குக் குறையாது. ஓரடி உயரம் நிரப்பினால் சதுர மீட்டருக்கு 480 கிலோ. ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் எடுத்துக்கொள்ளும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். மூன்று மடங்குக்கு மேல் ஏற்றுகிறோம்! நீர்க்கசிவு வந்தபிறகு பூச்சு பூசலாம், விரிசல் விழுந்த கான்கிரீட்டை என்ன செய்வது? மாடியில் தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த லேசான கலவையை ஆறேழு அங்குலத்துக்கு மேல் போகாமல் போடுங்கள். அதையும் உத்தரத்துக்கும் சுவருக்கும் நேர் மேலே, பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். நார்க்கழிவுக் கட்டியை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய பிறகுதான் பயன்படுத்த வேண்டும், அதில் உப்பு இருக்கும்.

இவ்வளவு சொன்னாலும் பெட்டி கட்டியே தீர வேண்டிய இடங்களும் உண்டு. வீடு இடித்த கப்பி கொட்டிய மனை. சிமென்ட் பூசிய முற்றம். பட்டறையோ பழைய பெட்ரோல் பங்க்கோ இருந்த நிலம். அங்கெல்லாம் கீழே இருக்கும் மண்ணை நம்பிச் சாப்பிட முடியாது. அடியில் கனமான தடுப்பு விரித்து, பக்கத்தில் வடிதுளை விட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு நல்ல மண் நிரப்பியே ஆக வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அது எல்லாவற்றையும்விடப் பெரிது. என் மாமியாருக்கு முழங்கால் தேய்ந்து, குத்துக்காலிட்டு உட்கார முடியாமல் போனது. கீரை ஆய்வதோடு அவருடைய தோட்ட வேலை நின்றுபோயிற்று. ஆயுசு முழுக்க மண்ணில் கை வைத்தவர் திண்ணையில் உட்கார்ந்து கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனாரைக் கூப்பிட்டு, கிணற்றடிக்குப் பக்கத்தில் இரண்டரை அடி உயரம் செங்கல் கட்டிக் கொடுத்தோம். அகலம் இரண்டடி மட்டும். ஒரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தே அக்கரை வரைக்கும் கை எட்டும். அடிப்பாதியில் உதவாத மண்ணும் வாழைச் சருகும் அடைத்தோம், மேல்பாதியில் மட்டும் நல்ல கலவை. அரைக்கீரை, தண்டங்கீரை, கொத்தமல்லி, ஓரத்தில் இரண்டு மிளகாய்ச் செடி. கோடையில் தினம் இரண்டு வேளை தண்ணீர் குடிக்கிறது, ஊற்றுகிறவர் அவரே. இதற்கு ஆன செலவுக்குக் காய் வாங்கியிருந்தால் எத்தனை மாதம் வந்திருக்கும் என்று வீட்டில் ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை. முதுகு வளையாதவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் உயரப் பாத்தி கட்டிக்கொடுப்பதை நான் எந்த ஊரிலும் தடுக்க மாட்டேன். அந்த இடத்தில் மண் வகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மற்றவர்கள் காசு செலவழிக்கும் முன் ஒரு குழி வெட்டுங்கள். தோட்டம் போட நினைக்கும் இடத்தில் ஓரடி ஆழம், ஓரடி அகலம். நிறையத் தண்ணீர் ஊற்றி முழுதாக வடிய விடுங்கள். அது மண்ணை நனைத்துத் தயார்ப்படுத்துவதற்கு. இரண்டாவது முறை நிரப்பிவிட்டு நேரம் பாருங்கள். அரை மணிக்குள் காணாமல் போனால் அண்ணன் ஊர் மண்: பாத்தியை ஒரு சாண் இறக்குங்கள், எருவும் மூடாக்கும் தாராளமாகப் போடுங்கள். மறுநாள் காலையிலும் குழியில் தண்ணீர் மினுமினுத்தால் எங்கள் ஊர் மண்: பாதையை வெட்டிப் பாத்தியில் போடுங்கள், வாட்டம் பாருங்கள். சில மணி நேரத்தில் நிதானமாக வடிந்தால் உங்களுக்கு வாய்த்தது நல்ல மண். சமதளப் பாத்தியே போதும், நாற்றங்காலுக்கும், அடைமழை மாதங்களில் மிளகாய்க்கும் தக்காளிக்கும் மட்டும் நாலு விரல் உயர்த்திக்கொள்ளலாம். குழி வெட்ட நல்ல நேரம் புரட்டாசிக் கடைசி. பெருமழைக்கு முன் பாதை வெட்டி முடிக்கக் கொஞ்சம் நாள் கையில் இருக்கும்.